கிட்டார் பிக்கப் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள், தம்பி

கேள்வி: அண்ணா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட் மாதிரியில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் பழையதாக 250 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். எங்கள் குழு கோயில் திருவிழாவிலும் பாலாய் ராயாவிலும் (ஊர்ப் பொது மண்டபம்) வாசிக்கும். என் கிட்டார் மட்டும் தகர டப்பாவைத் தட்டுவது போல் இருக்கிறது. கூடவே 'உம்' என்று ஓர் இரைச்சல். 300 வெள்ளிக்கு ஒரு பிக்கப் செட் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்கள்) பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. கோளாறு கிட்டாரில்தான் என்று எப்படித் தெரியும்? குழுவில் நல்ல ஆம்ப் (ஒலிபெருக்கி) வைத்திருப்பவரிடம் உங்கள் கிட்டாரைச் செருகி வாசித்துப் பாருங்கள். அப்புறம் அவருடைய கிட்டாரை உங்கள் ஆம்பில் செருகுங்கள். அவருடையதும் தகரமாகக் கேட்டால் ஆம்ப்தான் காரணம். வீட்டில் பழக விற்கும் 10 வாட் ஆம்பில் ஸ்பீக்கரே 6 அங்குலச் சொச்சம்தான். அதிலிருந்து அடித்தொனியை எதிர்பார்க்க முடியாது. அப்படியென்றால் அந்த 300 வெள்ளியைப் பெரிய ஸ்பீக்கர் உள்ள பழைய ஆம்ப் ஒன்றுக்கு ஒதுக்குவேன்.

கிட்டாரில்தான் என்று தெரிந்தால் முதலில் தந்தியை மாற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் கை வியர்வைக்கும் தந்தி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். துருப்பிடித்த தந்தியில் கணீரென்ற ஒலியும் வராது, சுருதியும் நிற்காது. 0.009 அங்குலத்தில் தொடங்கும் செட் போதும். வளைத்து வாசிக்க விரலுக்கு இதம்.

அடுத்து, தகரச் சத்தம் மூன்றில் எந்தப் பிக்கப்பில் வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பிரிட்ஜ் (தந்திகள் கிட்டாரின் உடலில் பொருந்தும் இடம்) ஓரம் இருக்கும் பிக்கப்பாகத்தான் இருக்கும். ஸ்ட்ராட் பாணி வயரிங்கில் டோன் குமிழ் இரண்டு இருந்தாலும் ஒன்று கழுத்துப் பிக்கப்புக்கு, மற்றது நடுப் பிக்கப்புக்கு. இயல்பிலேயே கூர்மையாக ஒலிக்கிற பிரிட்ஜ் பிக்கப்புக்கு ஒன்றும் கிடையாது. 1954இல் ஃபெண்டர் போட்ட வயரிங் அது, நகல்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. நீங்கள் டோன் குமிழை எவ்வளவு திருகினாலும் அந்த இடத்தில் ஒன்றும் மாறாததற்கு இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய ஒரு துண்டு வயர் போதும். தந்திகளைத் தளர்த்தி, முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றித் திருப்புங்கள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சில், பிக்கப் வயர்கள் வரும் பக்கம் ஒன்று, டோன் குமிழுக்கு வயர் போகும் பக்கம் ஒன்று. டோன் பக்கத்தில் பிரிட்ஜ் நிலைக்கான கால் எதுவும் சோல்டர் செய்யாமல் வெறுமனே இருக்கும். நடுப் பிக்கப்பின் டோன் வயர் இருக்கும் காலிலிருந்து அந்த வெற்றுக் காலுக்கு ஒரு சிறு வயரை சோல்டர் செய்யுங்கள். அவ்வளவுதான். இனி அந்தக் குமிழ் இரண்டு பிக்கப்புக்கும் வேலை செய்யும். 10இல் இருப்பதை 6, 7க்கு இறக்கினால் காதைக் குத்துவது அடங்கும். மலிவு கிட்டார்களில் சுவிட்சின் கால்கள் எல்லாம் ஒரே வரிசையில் வருவதும் உண்டு. அப்படியிருந்தால் தொடும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சோல்டர் பழக்கமில்லையா, டிவி ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

பிக்கப்பின் உயரமும் முக்கியம். சத்தம் கூடும் என்று தந்தியை உரசுகிற அளவுக்குத் தூக்கி வைத்திருப்பார்கள். ஸ்ட்ராட்டில் அது கூடவே கூடாது. காந்தம் தந்தியை இழுக்கும். தடித்த தந்தியை மேல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வாசித்தால் ஒரு சுரத்துக்கு இரண்டு கேட்பது போல் அலையும், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேராது. அளக்க உங்கள் பர்ஸில் இருக்கும் வங்கிக் கார்டுகளே போதும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே கார்டை நுழையுங்கள். மெல்லிய முதல் தந்தியில் இரண்டு கார்டு, தடித்த ஆறாவது தந்தியில் மூன்று கார்டு போகிற இடைவெளி இருக்கட்டும். கார்டின் எழும்பிய எழுத்து உள்ள பகுதியை நுழைக்காதீர்கள், அளவு தவறும். அங்கிருந்து பக்கத்துத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, காதுக்குப் பிடித்த இடத்தில் விடுங்கள்.

சுருதியை ஆட்டும் கம்பியை (ட்ரெமோலோ) நீங்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்றால், பின்பக்க மூடியைத் திறந்து ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இரண்டு திருகுகளையும் இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படியும்படி செய்துவிடுங்கள். மலிவுக் கிட்டாரில் சுருதி கலைவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் 12ஆவது ஃப்ரெட்டின் மேல் லேசாகத் தொட்டு எழும்பும் ஓசையையும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சேடிலை (தந்தியைத் தாங்கும் சிறு துண்டு) பின்னுக்கு இழுங்கள், குறைவென்றால் முன்னுக்குத் தள்ளுங்கள். இன்னொன்று: நம் பாட்டுகளுக்குத் தந்தியை வளைக்காமல் சரிப்படாது. தந்தியை ரொம்பத் தாழ்த்தி வைத்தால் வளைக்கும்போது மேல் ஃப்ரெட்டில் இடித்து ஓசை செத்துப்போகும். 12ஆவது ஃப்ரெட்டில் முதல் தந்திக்கு அடியிலும் இரண்டு கார்டு நுழையட்டும்.

இரைச்சலுக்கு வருவோம். தந்தியைத் தொட்டால் குறைகிறதா? அப்படியானால் கோளாறு இல்லை, எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது. தொட்டும் மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டிருக்கும். தொட்டதும் கூடினால் கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கலாம். உள்குழியில் செம்பு டேப் ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் 'கிர்' என்ற சத்தம் குறையும். ஆனால் உங்களுடையதைப் போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்துக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் 'உம்' அதில் போகாது, அது காந்தப்புலத்தின் வழியாக வருவது. ஆம்பையும் டியூப் லைட்டையும் விட்டு விலகி, நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் பாதியாகக் குறையும்.

இதைச் சொல்லாமல் விட முடியாது. மண்டபங்களில் இரண்டு பின் பிளக்கை, எர்த் ஓட்டையில் பேனாவை விட்டுத் திணித்துச் செருகுகிறார்களே, ஆம்புக்கு அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். மூன்று பின் ஒயரின் எர்த்தையும் வெட்டாதீர்கள். ஒரு கை தந்தியில் இருக்க, உதடு மைக்கில் பட்டுச் சுள்ளென்று அடித்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் பிக்கப் வாங்கலாம், மூன்றும் வேண்டாம், பிரிட்ஜ் பிக்கப் ஒன்று போதும். மலிவுக் கிட்டாரில் பெரும்பாலும் பிக்கப்பின் இரும்புக் குச்சிகளுக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். அல்னிக்கோ காந்தக் குச்சி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஒலியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். டோன் குமிழில் விலை உயர்ந்த கெப்பாசிட்டர் போட்டால் ஒலி மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அளவு ஒன்றாக இருந்தால் விலை எதுவானாலும் காதுக்குத் தெரியாது.

திருவிழாவுக்கென்று புதுத் தந்தி போடுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே போட்டு, கையால் இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்து வையுங்கள். மேடை ஏறும் அன்று போட்டால் முதல் பாட்டிலேயே இறங்கிவிடும்.