கொழுந்தனார் தோட்டத்தில் டவர்: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

களக்காடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் வீட்டை ஒட்டிய வாழைத் தோட்டம் என் கொழுந்தனாருடையது. அதில் செல்போன் டவர் வைக்க வாடகைக்கு விடப் போகிறார். டவர் வந்தால் புற்றுநோய் வரும், பிள்ளைகளுக்கு ஆகாது என்று தெருவே சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறது. மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் எனக்கும் பயம். கையெழுத்துப் போட்டால் குடும்பத்தில் சண்டை. போடாவிட்டால் தெருவில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். என்ன செய்ய?"

அன்புத் தங்கைக்கு,

முதலில் மகளைப் பற்றிய பயம். டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல உடம்பின் மூலக்கூறுகளைச் சிதைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் இந்த அலைகளை '2பி' பிரிவில் வைத்தது உண்மைதான். சந்தேகம் உண்டு, உறுதியான சான்று இல்லை என்பதே அந்தப் பிரிவின் பொருள். அந்தச் சந்தேகமும் காதில் ஒட்டிவைத்துப் பேசும் போனைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நாலில் ஒன்றாகிவிடும். சிக்னல் குறைந்த இடத்திலோ போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் மகள் மச்சில் ஏறி நின்று ஒற்றைக் கோட்டு சிக்னலில் மாப்பிள்ளையிடம் பேசினால், அப்போது காதருகே அந்தப் போன் படாத பாடு படும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஆற்றங்கரை ஊரில் இருந்த என் அக்காவுக்கு இரண்டு நாள் போன் போகவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருந்தேன். நடுராத்திரி உங்கள் மகளுக்கு வலி கண்டால் 108-ஐக் கூப்பிடவும் சிக்னல் வேண்டும், தங்கச்சி.

அதனால் இப்போதிருக்கும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பேன். ஆனால் வாயை மூடிக்கொண்டும் இருக்க வேண்டாம். கரண்டு போனால் டவருக்காக ஓடும் ஜெனரேட்டர்தான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அதன் சத்தம் 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மூடி போட்டதா, புகைக்குழாய் யார் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறது, டீசல் வண்டி எந்தப் பாதையில் வரும், அஸ்திவாரம் வாய்க்காலை அடைக்குமா? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். தோட்டத்தின் கடைக்கோடியில் வைத்தால் இதில் பாதி தீர்ந்துவிடும். தெருக்காரர்களிடம் இதைச் சொல்லி, இந்தக் கோரிக்கைகளோடு மனுவைத் திருத்தி எழுதினால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த கிராம சபையிலும் எழுந்து பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறதே. டவர் வந்த பிறகும் சந்தேகம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி அலை அளவைச் சோதிக்கச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் முன்னால் கொழுந்தனாரிடம் போங்கள். ஒரு காற்றுக்கு அத்தனை வாழையும் சாயும். சாயாத வருஷம் விலை சாயும். மாதம் தவறாமல் வரும் வாடகை அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அதே மண்ணில் வாழும் உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் முன்பணம், வரி, பதிவுக் கட்டணம் என்று ஏதாவது கேட்டார்களா என்று விசாரியுங்கள். டவர் வைக்கிறோம் என்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. இடம் கொடுப்பவரிடம் எந்த நிஜக் கம்பெனியும் காசு கேட்காது. பணம் கேட்டிருந்தால் டவரே வரப்போவதில்லை. உங்கள் கொழுந்தனாரைத்தான் காப்பாற்ற வேண்டும்.

பணம் எதுவும் கேட்கவில்லை என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். "வேலி ஓரம் வேண்டாம் தம்பி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொல்லக்கூடாதா? பிள்ளை பெற்ற வீடு, சத்தம் ஆகாது" என்று நேரில் கேளுங்கள். ஓரகத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த வாரமே போய்விடுங்கள்.