எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே நிலக்கரியால்தான், இருந்தும் மனுவில் கையெழுத்துப் போட்டோம்

'நிலக்கரி, பெட்ரோலை விட்டு மாறுங்கள் என்று பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் அரசிடம் மனுக் கொடுக்கிறார்களே, இது வேலையற்ற வேலைதானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ கிளம்பியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கிளம்பியது என் மாமியாரும் ஒன்பதாவது படிக்கும் மகளும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரி ஓட்டுகிறார். லாரிக்கு மாதத் தவணை கட்டுகிறோம். ஆகவே 'கரண்ட்டை அனுபவித்துக்கொண்டே கரியைத் திட்டுகிறீர்களா' என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. அத்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினோம். குலை தள்ளிய வாழை அத்தனையும் சாய்ந்து போனது. "தொண்ணூத்திரண்டு வெள்ளத்தையும் பாத்தவதான் நான். இது வேற மாதிரி இருக்குட்டி" என்று அத்தை அன்றைக்கே சொன்னார்கள். ஒரு மழையைக் காட்டி 'இது நிலக்கரி செய்தது' என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்கப் பூமி சூடாகிறது, காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், பெய்தால் கொட்டித் தீர்க்கும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மகள் அதைப் படித்துவிட்டு வந்து ஆச்சிக்குச் சொன்னாள். மனு அங்கிருந்துதான் தொடங்கியது.

அதில் என்ன எழுதினார்கள் தெரியுமா? நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. அங்கே 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள். இந்தப் பழைய அலகுகளை என்றைக்கு மூடுவீர்கள் என்று தேதி சொல்லுங்கள். கயத்தாறு, பணகுடிப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் காற்றாலைக் காத்தாடிகள் நன்றாக ஓடும்போதே, மின்சாரத்தைக் கொண்டுபோக வழியில்லை என்று நிறுத்தி வைத்த நாட்கள் உண்டே, அந்த மின்பாதையை முதலில் சரிசெய்யுங்கள். மகள் இவ்வளவுதான் எழுதியிருந்தாள். அத்தை கேட்டுவிட்டு, "எம் மவன் பொழப்புக்கு என்ன வழின்னு எழுதாம நான் கைநாட்டு வைக்க மாட்டேன்" என்று நின்றுவிட்டார்கள். லாரிக்காரர்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் மாற்று வேலை என்ன என்ற வரி அப்படித்தான் வந்தது. அதைப் படித்த பிறகு என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார்.

மனு நாளில் ஆச்சியும் பேத்தியுமே நேரில் போய்க் கொடுத்தார்கள்.

பயன் என்ன என்றீர்கள். சுவிட்சர்லாந்தில் மூதாட்டிகள் சங்கம் வைத்து, பூமி சூடாவதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று தங்கள் அரசு மேலேயே வழக்குப் போட்டார்கள். வெயில் அலையில் முதலில் சாவது நாங்கள்தான் என்றார்கள். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தச் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பசிபிக் தீவுகளின் கல்லூரி மாணவர்கள் 2019இல் கிளப்பிய கோரிக்கையை அங்குள்ள வனுவாட்டு என்ற தீவு நாட்டின் அரசு கையில் எடுத்தது. அது சர்வதேச நீதிமன்றம் வரை போய், காலநிலையைக் காக்கும் சட்டக் கடமை நாடுகளுக்கு உண்டு என்ற கருத்து 2025 ஜூலையில் வந்தது. நடுவயதில் இருக்கும் நாம் தவணைக்கும் சம்பளத்துக்கும் பயந்து வாய் திறப்பதில்லை. எங்கள் லாரியை நாளைக்கே நிறுத்தினால் பட்டினிதான், கரி எரிவதும் நிற்காது. மாற்று வழியை அரசுதான் போட முடியும், அதனால்தான் அரசிடம் கேட்கிறோம்.

மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள், பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர மகள் எழுதி வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டில் கிளம்புகிறவர்களைத் தடுக்காதீர்கள். உங்கள் பிழைப்பு நிலக்கரியிலோ பெட்ரோலிலோ இருந்தால் அதையும் மனுவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.