ஏழு மணிக்கு மேலே இருங்கள்
வாசகர் கேள்வி – பதில்: சிங்கப்பூர் மாலைகள்

சிங்கப்பூர் போவது பற்றி வந்திருக்கும் கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பகலில் சுற்றிப் பார்த்துவிடுகிறோம், இருட்டின பிறகு எங்கே போவது? பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் நாலு நாள் போகிறோம். மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் 57வது மாடிக்கு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டுமா? (திருச்சி வாசகர்)

வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். அந்த மூன்று கோபுரமும் அதன் தலையில் கப்பல் மாதிரி உட்கார்ந்திருக்கும் தளமும்தான் இன்றைக்கு ஊரின் முகம், அந்த முகத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டால் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? படத்தில் பார்த்த அந்த நீச்சல் குளத்திலும் இறங்க முடியாது, அது அங்கே அறை எடுத்தவர்களுக்கு மட்டும். அந்தப் பணத்துக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் வாங்குங்கள். நிதி மையக் கட்டடம் ஒன்றின் 33வது மாடியில் லெவல் 33 என்று ஒரு இடம், பீரை அங்கேயே காய்ச்சுகிறார்கள், பெரிய செம்புக் கொப்பரைகள் கண்முன்னால் நிற்கும், வெளித் திண்ணையில் இடம் கிடைத்தால் விரிகுடா முழுக்க உங்கள் காலடியில். இன்னும் தாழ்வாக, தண்ணீரை ஒட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஃபுல்லர்டன் பே ஹோட்டலின் மாடியில் உள்ள லான்டர்ன்.

நேரம்தான் முக்கியம். சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் வருடம் முழுக்க சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் மறையும். ஆறரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். வெளிச்சம் போவதையும் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதையும் ஒரே நாற்காலியிலிருந்து பார்க்கலாம், பல பார்களில் ஹாப்பி ஹவர் என்னும் சலுகை விலையும் அந்த நேரத்தில் இருக்கும். எட்டு மணிக்கு மெரினா பே சாண்ட்ஸ் முன்னால் தண்ணீரில் ஒளிக்காட்சி நடக்கும், இலவசம், அதுவும் எதிர்க்கரையிலிருந்து தெரியும். எட்டு மணிக்கு மேல் போனால் வெறும் இருட்டும் விளக்கும்தான் மிச்சம், பாதி அழகு போய்விடும்.

கேள்வி: மெனுவில் 50 என்று போட்டிருந்தது, பில்லில் 60 வந்தது. ஏமாற்றிவிட்டார்களா? (கோவை வாசகர்)

இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும், கவனியுங்கள். முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் இப்படித்தான் சொல்வார்கள்) 55 ஆகி, பிறகு 59.95 ஆகும். அதனால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

மதுவுக்கு அங்கே வரி கடுமை, அதனால் மாடி பார் என்பது ஒரு கிளாஸுக்கான இடம், அவ்வளவுதான். இரண்டாவது வேண்டும் என்றால் கீழே இறங்கி லாவ் பா சாட் போங்கள். 1894ல் எழுப்பிய வார்ப்பிரும்புச் சந்தைக் கட்டடம், சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள், இது மட்டும் நடுவில் எட்டுமூலையாகக் குந்தியிருக்கும். சாயங்காலம் பக்கத்துச் சாலையை அடைத்து மேசை போட்டு, கரி அடுப்பில் சாத்தே, அதாவது குச்சியில் கோத்த இறைச்சி, சுடுவார்கள். அந்தப் புகையில் உட்கார்ந்து ஒரு பெரிய பாட்டில் டைகர் பீர் வாங்கி நாலு பேர் பகிர்ந்துகொள்வதுதான் உள்ளூர் வழக்கம், எனக்கு 33வது மாடியைவிட இதுதான் பிடிக்கும்.

கேள்வி: 'சிங்கப்பூர் ஸ்லிங்' குடித்துப் பார்க்க வேண்டிய ஒன்றா? (புதுச்சேரி வாசகி)

ஒரு தடவை. ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஙியாம் தோங் பூன் என்ற பார் ஊழியர் 1915ல் கலந்த மதுபானம் என்பார்கள். பெண்கள் நாலு பேர் முன்னால் குடிப்பது தப்பாகப் பார்க்கப்பட்ட காலம், அதனால் பழச்சாறு மாதிரி தெரியும்படி இளஞ்சிவப்பாகச் செய்தார் என்பது ஹோட்டல் சொல்லும் கதை. அன்னாசிச் சாறு தூக்கலாக, இனிப்பாக இருக்கும். ஆனால் அங்கே உள்ள லாங் பாரில் மேசைக்கு மேசை வேர்க்கடலை மூட்டை இருக்கும், உரித்த தோலைத் தரையிலேயே போடலாம், அதுதான் வழக்கம். ஒரு துண்டுக் காகிதம் போட்டாலே அபராதம் கட்டும் ஊரில் காலடியில் கடலைத்தோல் நொறுங்க நடப்பது, அதற்காகவே போகலாம்.

கேள்வி: மாடி பார் ஒன்றில் என் கணவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். செருப்பு போட்டிருந்தாராம்! அவமானமாக இருந்தது. (சேலம் வாசகி)

எனக்கும் நடந்திருக்கிறதம்மா, மனது கஷ்டமாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பல மாடி பார்களில் ஆண்களுக்கு மூடிய ஷூவும் முழுக்கால் சட்டையும் கேட்கிறார்கள். பெண்கள் செருப்பு போட்டால் ஒன்றும் சொல்வதில்லை, இந்தப் பாகுபாடு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம். ஆனாலும் அவர்கள் விதி, கிளம்பும் முன் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். அப்படியே மழையானால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். இடி மின்னல் வந்தால் திறந்த மாடியிலிருந்து எல்லாரையும் எழுப்பிவிடுவார்கள், நவம்பர் முதல் ஜனவரி வரை இது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: நாங்கள் யாரும் குடிப்பதில்லை. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க வேறு வழி? (மதுரை வாசகர்)

நிறைய. டான்ஜோங் பகார் பக்கம் பினாக்கிள் அட் டக்ஸ்டன் என்று அரசு அடுக்குமாடி வீடுகள், ஐம்பது மாடியில் ஏழு கட்டடங்கள். ஏழையும் மேலே பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். சில வெள்ளி கட்டணம் கட்டி 50வது மாடிப் பாலத்துக்கு ஏறலாம், ஒரு பக்கம் துறைமுகத்தின் பளுதூக்கிகள், மறுபக்கம் நகரம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருப்பதால் கூட்டம் நெருக்காது. மேலே போகும்போது சத்தம் போடாதீர்கள், கீழே குடும்பங்கள் வாழ்கின்றன. காசே இல்லாமல் வேண்டுமென்றால் எஸ்பிளனேட் கலையரங்கின் மொட்டை மாடி, நேஷனல் கேலரியின் மாடித் தோட்டம், அப்புறம் மெரினா தடுப்பணையின் புல்வெளிக் கூரை. கடைசியில் சொன்ன இடத்தில் குழந்தைகள் பட்டம் விடுவார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அணை காத்து வைத்திருக்கும் நல்ல தண்ணீர், பின்னால் கட்டடங்கள்.

கேள்வி: எந்த மாதம் போனால் நல்லது? (நெல்லை வாசகர்)

நீங்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சீனப் புத்தாண்டுக்குச் சைனாடவுன், நோன்பு மாதத்தில் கெய்லாங் சிராய் இரவுச் சந்தை. ஆகஸ்ட் 9 தேசிய தினம், அணிவகுப்புக்கு நுழைவுச்சீட்டு வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்காது. ஆனால் மெரினா பே பக்கம் அது நடக்கும் ஆண்டுகளில் ஜூலை சனிக்கிழமைகளில் முழு ஒத்திகை நடக்கும், பல நாளில் வாணவேடிக்கையும் உண்டு, கரையில் நின்றே பார்க்கலாம். கார் பந்தயம் நடக்கும் வாரத்தில் மட்டும் போகாதீர்கள், பந்தயப் பிரியராக இல்லாவிட்டால். 2008 முதல் இரவில் நகரச் சாலைகளிலேயே ஓட்டுகிறார்கள், சாலைகள் அடைபடும், அறை வாடகை எகிறும்.

என்னைக் கேட்டால் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, கேம்பல் லேனில் தற்காலிகக் கடைகள். அந்த நாட்களையொட்டித்தான் தீமிதியும் வரும். பக்தர்கள் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து, 1827ல் தோன்றிய மாரியம்மன் கோயிலுக்கு வருவார்கள், அந்தக் கோயில் இருப்பது சைனாடவுனில். முதல் வருடம் நான் சவுத் பிரிட்ஜ் சாலையில் இரவெல்லாம் நின்றேன். மஞ்சள் உடையில் வேப்பிலையோடு வரிசை போய்க்கொண்டே இருந்தது, பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி ஒருவர் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்கிக்கொண்டே இருந்தார். எத்தனை மாடி ஏறியும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

கேள்வி: கடையில் பீர் வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்து குடிக்கலாமா? (சென்னை வாசகர்)

இரவு 10.30 வரை. அதிலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை, 2015லிருந்து சட்டம், கடையிலும் அந்த நேரத்தில் விற்க மாட்டார்கள். மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம். தேக்கா (லிட்டில் இந்தியா), கெய்லாங் பகுதிகளில் சனி, ஞாயிறு முழுக்கவே தெருவில் குடிக்கக் கூடாது. தேக்காவில் நம் ஆட்கள் அதிகம், தெரியாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஆகஸ்ட் மாதம் திடலில் மேடை போட்டுப் பாட்டு நடந்ததே, அந்நியர் போகலாமா? (ஈரோடு வாசகர்)

தாராளமாக. சீனர்களின் ஏழாம் மாதத்தில், பூமிக்கு வந்திருக்கும் முன்னோர் ஆவிகளுக்காக நடத்தும் கெத்தாய் அது. பளபளக்கும் உடை, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி, ஹொக்கியன் என்ற சீன மொழியில் பாட்டு, கட்டணம் கிடையாது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார். முதல் வரிசை மட்டும் காலியாக இருக்கும், அது ஆவிகளுக்கு. அதில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.