பானையைக் கழுவிவிடாதீர்கள்

வணக்கம் நண்பரே. பர்கூர் பக்கம் வரப்பு வெட்டும்போது கருப்பு சிவப்புப் பானை கிடைத்தது, உள்ளே கரித்துண்டு இருக்கிறது, கழுவி ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கழுவாதீர்கள்.

வயதைச் சொல்லப்போவது பானையைவிட அந்தக் கரிதான். மரம் பட்டுப்போன நாளிலிருந்து அதிலுள்ள கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் குறைந்துகொண்டே வரும். சுமார் 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். மீதியை எண்ணித்தான் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். அப்படி எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானி (AMS) என்ற கருவிக்கு அரிசி அளவு கரியே போதும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தெரிந்ததும் இந்த முறையில்தான். கையோ பஞ்சோ பட்டால் புதுக் கார்பன் ஒட்டி, கணக்கு தப்பிவிடும்.

பானை ஓட்டுக்கு வேறு வழி உண்டு: அது கடைசியாகச் சூடான காலத்தை ஒளிர்வு முறையில் அளக்கலாம். வெளிச்சம் பட்டால் அந்தத் தடயம் அழியும்; அதனால் வெயில் படாமல் கருப்புத் துணியால் மூடி வையுங்கள்.

மேற்கொண்டு தோண்ட வேண்டாம். எத்தனை அடி ஆழம் என்று குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மண்ணடுக்கு கலைந்துவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் அதை மீட்க முடியாது. அப்புறம், நாளைக்கே தாசில்தாரிடமோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லிவிடுங்கள். மாதிரியை அவர்களே முறையாக எடுப்பார்கள்.