பிரீமியம் உயர்வுக்கு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் குளித்தலையில் வசிக்கிறோம். எனக்கு 63 வயது, கணவருக்கு 66. இருவருக்கும் சேர்த்து ஒரு தனியார் நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறோம். சென்ற ஜூனில் வரியுடன் 49,560 ரூபாய் கட்டினோம். இந்த ஜூனில் 54,600 கேட்கிறார்கள். "பத்து சதவீதம்தானே கூடியிருக்கிறது, விதிப்படி சரிதான்" என்கிறார் முகவர். எங்கள் தெருவில் இன்னும் சில குடும்பங்களுக்கும் இதே நிலைமை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பலன் இருக்குமா? யாருக்கு, எப்படி எழுத வேண்டும்?

பதில்: அம்மா, மனு எழுத உட்காரும் முன்பு சென்ற ஆண்டு ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டிய 49,560 ரூபாயில் 7,560 ரூபாய் ஜி.எஸ்.டி. நிறுவனத்துக்குப் போன அசல் பிரீமியம் 42,000 மட்டுமே. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகளுக்கு அந்த 18 சதவீத வரி அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. ஆக, இந்த ஆண்டு கேட்கும் 54,600 முழுவதும் பிரீமியம்தான். 42,000 எங்கே, 54,600 எங்கே? உயர்வு பத்து சதவீதம் அல்ல, முப்பது சதவீதம். அரசு விட்டுக்கொடுத்த வரி நிற்க வேண்டிய இடத்தில் புதிய பிரீமியம் வந்து உட்கார்ந்துவிட்டது. முகவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்கு முக்கியமில்லை. உங்கள் மனுவில் போக வேண்டிய எண் 30. அதைப் பத்து என்று எழுதி அனுப்பினால் படிப்பவர் அத்துடன் மூடி வைத்துவிடுவார்.

அந்தப் பத்து சதவீதப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2025 ஜனவரி 30 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. 60 வயதைக் கடந்தவர்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்த நினைக்கும் நிறுவனம் ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் இருவருக்குமே இது பொருந்தும். பத்து சதவீதம் என்று கணக்கிட்டால் 42,000 ரூபாய் 46,200 ஆகியிருக்கும். மீதி 8,400 ரூபாய் எதன்பேரில் ஏறியது என்று நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

நிறுவனம் என்ன சொல்லும் என்று ஓரளவு ஊகிக்கலாம். குடும்பப் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பொதுவாக விலை போடுகிறார்கள். பல நிறுவனங்களில் 61 முதல் 65 வரை ஒரு படி, 66 முதல் 70 வரை அடுத்த படி. உங்கள் கணவர் 66ஐத் தொட்டுவிட்டார். "வயதுப் படி மாறியதால் வந்த உயர்வு இது, விலையை நாங்கள் உயர்த்தவில்லை" என்று பதில் வரலாம். இன்னொரு காரணமும் சொல்லக்கூடும். வரி இருந்த காலத்தில், முகவர் கமிஷன், அலுவலக வாடகை, விளம்பரம் ஆகியவற்றுக்குத் தாங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை நிறுவனங்கள் கழித்துக்கொள்ள முடிந்தது. வரி பூஜ்யமானதும் அந்தச் சலுகை போய்விட்டது. அந்தச் செலவை அசல் பிரீமியத்தில் ஏற்றும் வாய்ப்பு உண்டு. இதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. முப்பது சதவீதத்துக்கான நியாயம் இருக்கிறதா என்பதை நிறுவனம்தான் கணக்குக் காட்டி விளக்க வேண்டும்.

இனி எம்.எல்.ஏ. விஷயம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் காப்பீடு மத்தியப் பட்டியலில் வருகிறது. சென்னைக் கோட்டையில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் தனியார் நிறுவனத்தின் பிரீமியம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. எம்.எல்.ஏ. உங்கள் மனுவை மரியாதையாக வாங்கி, மேலே அனுப்பி வைப்பார். படம் எடுத்துப் போடவும் கூடும். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான காப்பீட்டில் பிடிக்கப்படும் தொகை, தனியார் மருத்துவமனைகளின் கட்டணம். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டணம் ஏறுவதால்தான் பிரீமியம் ஏறுகிறது என்று நிறுவனங்கள் ஓயாமல் சொல்கின்றன. அந்தப் புகாரை எம்.எல்.ஏ.விடம் தனி மனுவாகவே கொடுக்கலாம்.

பிரீமியத்துக்கு நீங்கள் போக வேண்டியது எம்.பி.யிடம். அதிலும் குளித்தலைக்காரர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் மாவட்டம் கரூர். ஆனால் குளித்தலை சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் அடங்கியது. கடிதம் பெரம்பலூர் எம்.பி.க்குப் போக வேண்டும். கரூர் எம்.பி. அலுவலகத்தில் கொடுத்தால் "உங்கள் தொகுதி இது இல்லையே" என்ற பதிலோடு திரும்ப நேரிடும். இது தவிர, தமிழகத்தின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் எவருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அவர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது.

எம்.பி.க்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கணவர் கேட்டால், வரி நீங்கிய கதையைச் சொல்லுங்கள். நாக்பூர் கோட்ட எல்.ஐ.சி. ஊழியர் சங்கத்தினர் தங்கள் தொகுதி எம்.பி.யான நிதின் கட்கரியிடம், காப்பீட்டுக்கு 18 சதவீத வரி கூடாது என்று மனு கொடுத்தார்கள். அவர் மத்திய அமைச்சரும்கூட. 2024 ஜூலை இறுதியில் அந்த மனுவைச் சுட்டிக்காட்டி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பத்திரிகைகளில் வெளியானது. ஆகஸ்டில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் போராடினார்கள். செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் ஓர் அமைச்சர் குழுவை அமைத்தது. டிசம்பரில் முடிவைத் தள்ளிப்போட்டது. கடைசியில் 2025 செப்டம்பர் 3 அன்று வரியை நீக்க முடிவெடுத்தது. அந்த ஒரு மனுதான் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். நாடாளுமன்ற நிதி நிலைக்குழு அதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில், வரியைக் குறைக்கப் பரிந்துரைத்திருந்தது. ஆனால் ஒரு கோட்டத்து ஊழியர்களின் மனு சரியான ஆளிடம், ஒற்றைக் கோரிக்கையோடு, காகிதத்தில் போனது. ஓராண்டுக்கு மேல் பிடித்தது என்பதையும் கவனியுங்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. நம்மவர்கள் எழுதும் மனுக்களில் விலைவாசி, மருத்துவமனைக் கொள்ளை, முகவரின் நடத்தை, பேருந்து நிறுத்தம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எம்.பி.யின் உதவியாளர் அதை எந்தக் கோப்பில் வைப்பார்? ஒரு பக்கத்தில் முடியுங்கள். நீங்கள் யார், எந்தத் தொகுதி வாக்காளர் என்பது முதல் இரண்டு வரிகளில். பிறகு ரசீது சொல்லும் எண்கள்: 42,000, 54,600, 30 சதவீதம். தெருவில் உள்ள மற்றக் குடும்பங்களின் எண்களையும், அவரவர் சம்மதத்தோடு, ஒரு சிறு பட்டியலாக இணையுங்கள். வரி நீக்கிய அசல் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஐம்பது கையெழுத்துகளைவிட ஐந்து ரசீதுகள் கனமானவை என்பது என் கருத்து.

அடுத்ததுதான் முக்கியம். எம்.பி. கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். "நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிக்காதீர்கள். மக்களவையில் எழுத்துமூலம் பதில் பெறும் நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் ஒரு நாளைக்கு 230 வரை ஏற்கப்படுகின்றன. அவற்றுக்கு அமைச்சகம் பதில் தந்தே ஆக வேண்டும். கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது. வாதம் கூடாது, தனி ஒருவரின் பிரச்சினையாக இருக்கக்கூடாது. ஆகவே உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ கேள்விக்குள் வரக்கூடாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"2025 ஜனவரி 30 சுற்றறிக்கைக்குப் பின், மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்த எத்தனை நிறுவனங்கள் ஆணையத்தைக் கலந்தாலோசித்தன, அவற்றில் எத்தனை உயர்வுகள் அனுமதிக்கப்பட்டன, வயதுப் படி மாறுவதால் வரும் உயர்வு அந்தப் பத்து சதவீத வரம்பில் அடங்குமா, 2025 செப்டம்பர் 22க்குப் பின் அசல் பிரீமியம் உயர்த்தப்பட்டதா என்று அரசு ஆய்வு செய்திருக்கிறதா, ஆம் எனில் விவரம் என்ன?"

இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்துவிட்டால் உதவியாளரின் வேலை பாதி முடிந்துவிடும். ஆங்கிலத்துக்கு வீட்டில் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். வயதுப் படி பற்றிய மூன்றாவது பகுதியில்தான் என் கண் இருக்கிறது. வயதுப் படி வரம்புக்குள் வரும் என்று அரசு ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், நாட்டில் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தாளைக் காட்டிப் பேசலாம். வராது என்றால் சுற்றறிக்கையைத் திருத்தக் கோருவதற்கு அதுவே ஆதாரம்.

நேரத்தையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். மக்களவைக் கேள்விக்கு முழுதாகப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தேவை. மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலை பிற்பாதியில் தொடங்கும். ஜூன் மாதத்திலேயே கடிதம் போய்ச் சேர்ந்தால் உங்கள் கேள்விக்கு இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆகஸ்டில் கொடுத்தால் குளிர்காலக் கூட்டத்தொடர்வரை காத்திருக்க வேண்டியதுதான். தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன; அங்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கேள்வி கேட்க அவர் தயங்கினால், நிதியமைச்சருக்குக் கடிதமாவது எழுதச் சொல்லுங்கள். எம்.பி.யின் கடிதத்துக்குப் பதினைந்து நாளில் ஒப்புகையும், அடுத்த பதினைந்து நாளில் பதிலும் தர வேண்டும் என்பது மத்திய அரசு அலுவலக நடைமுறை. அந்தப் பதிலின் நகலை உங்களுக்கு அனுப்பும்படி கடிதத்திலேயே கேட்டு வையுங்கள். கேட்காமல் வருவது அபூர்வம்.

அமைச்சர் பதிலில் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று இருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். அவையில் சொன்ன அந்த வாக்கியம் ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் வைக்கப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கவனிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்றே ஒன்று இருக்கிறது.

உங்கள் சொந்தப் பிரீமியத்துக்கான புகார் இதற்கு இணையாகத் தனி வழியில் போகட்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. அங்கே சரியாகாவிட்டால் ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணிலும் பேசலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. எம்.பி.யையே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அது உங்கள் கோரிக்கையைச் சிபாரிசாகச் சுருக்கிவிடும்.

இதையெல்லாம் செய்யும்போது ஜூன் மாதக் கெடுவைத் தவற விட்டுவிடாதீர்கள். ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டு 54,600ஐக் கட்டுங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு முப்பது நாள் சலுகைக் காலம் உண்டுதான். ஆனால் அந்த இடைவெளியில் யாராவது மருத்துவமனையில் சேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. வேறு நிறுவனத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 66 வயதில் புதிய நிறுவனம் மறுக்கவும் செய்யலாம் என்பதால், அங்கிருந்து சம்மதம் எழுத்தில் வரும்வரை இந்தப் பாலிசியைக் கைவிட வேண்டாம்.