பத்துப் பாட்டில் மாப்பிள்ளையின் குணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 26 வயது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நல்ல இடம் ஒன்று பேசிவந்தோம். பெண்ணின் அம்மான் போனில் ஒரு பரீட்சை அனுப்பினார். பிடித்த பத்துப் பாட்டைக் குறித்தால் குணத்தைச் சொல்லுமாம். இவன் பகலில் மெட்டல் என்று ஓர் இரைச்சலைக் கேட்பான், ராத்திரி ஹெட்போனில் சோகப் பாட்டு. உள்ளதை அப்படியே குறித்துவிட்டான். ‘கோபக்காரர், பொறுப்பு குறைவு’ என்று வந்தது. பேச்சு அதோடு நிற்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவரோ, முகாரி ராகம் கேட்டால் மனசு கெடும், மோகன ராகம் கேட்கச் சொல் என்கிறார். பாட்டை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா? அந்தப் பாட்டுகளை அழிக்கச் சொல்லட்டுமா?

ஓர் ஆச்சி

*

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

அம்மான் அனுப்பியது வெறும் கட்டுக்கதை அல்ல, அதற்கு ஒரு வேர் உண்டு. 2003-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரெண்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் இசை விருப்பங்களை நான்கு கூறாகப் பிரித்துக் குணங்களோடு ஒப்பிட்டார்கள். 2006-இல் அதே இருவர், முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிடித்த பத்துப் பாட்டை மட்டும் கேட்கவைத்து, ஆளை எடைபோடச் சொன்னார்கள். புதியதை நாடும் மனசா என்பதைக் கேட்டவர்கள் நன்றாகவே ஊகித்தார்கள். பொறுப்புணர்வில் ஊகம் பலிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முதலில் விசாரிப்பது எதுவோ அது அந்தப் பத்துப் பாட்டில் கிடைக்காது.

பிறகு 2017-இல் ஷேஃபரும் மேல்ஹார்னும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். குணத்துக்கும் இசை வகைக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. 0.1 என்று ஒரு தொடர்பு எண் வந்தால் பெரிதாகத் தோன்றும். அதை அதனாலேயே பெருக்கினால் 0.01. ஆளுக்கு ஆள் விருப்பம் மாறுவதில் நூற்றில் ஒரு பங்கைத்தான் குணம் விளக்குகிறது என்று பொருள். மீதி 99 பங்கு வயது, வளர்ந்த வீடு, கூட்டாளிகள், பஸ்ஸில் யார் பாட்டுப் போட்டார்கள் என்பதில் எல்லாம் சிதறிக் கிடக்கிறது.

நம் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கூறுகள் ஜாஸ், கன்ட்ரி, ராப் என்று மேற்கத்திய வகைகளை வைத்துப் பிரித்தவை. சினிமாப் பாட்டு ஒன்றிலேயே ராகமும் பறையும் வயலின் கூட்டமும் சேர்ந்து வருமே, அதை எந்தப் பெட்டியில் போடுவது? பரீட்சை ஏதோ ஒன்றில் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடும்.

இனி மெட்டல் என்ற அந்த இரைச்சலைப் பற்றி. மின் கிதாரும் டிரம்மும் அதிரும் மேற்கத்திய இசை அது. 2015-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், இத்தகைய இசையை விரும்பிக் கேட்கும் 39 பேரைக் கோபம் வரும் விஷயங்களை 16 நிமிடம் பேசவைத்தார்கள். பிறகு பாதிப் பேர் 10 நிமிடம் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டார்கள், மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்குக் கோபம் கூடவில்லை; எரிச்சல் தணிந்தது, உற்சாகமும் வந்தது. பிடிக்காதவரை உட்காரவைத்து அதே பாட்டைப் போட்டால் கதை வேறு. முகப்பில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வரும் எரிச்சலை உள்ளே கேட்பவனுக்கும் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம்.

சோகப் பாட்டுத்தான் கவனிக்க வேண்டிய இடம். அதிலும் பாட்டைவிட அதைக் கேட்கும் விதம் முக்கியம். 2014-இல் தருஃபியும் கோல்ஷும் 772 பேரிடம் சோக இசை என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டபோது அதிகம் வந்த பதில் சோகம் அல்ல, பழைய நினைவின் ஏக்கம். அதனால் சோகப் பாட்டு கேட்பவரெல்லாம் சோகத்தில் இருக்கிறார் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தோள் சேர்த்து வாங்கிப் பாடுவார்கள். பிறகு எழுந்து தலை முழுகிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்த அழுகைக்குத் துணையும் உண்டு, முடிவும் உண்டு. ஹெட்போனில் தனியாக, ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பி ஓடவிடும்போது இரண்டும் இல்லாமல் போகலாம். அப்போதுதான் பாட்டு மனசை ஆற்றாமல் புண்ணைக் கிளறுகிறது.

எந்தப் பக்கம் என்று அறிய ஏழு நாள் போதும். குறிப்பை மகனே எழுதட்டும். நீங்கள் எட்டிப் பார்த்தால் எழுதுவது பொய்யாகிவிடும். கேட்கத் தொடங்கும்போது மனநிலைக்கு 10-க்கு ஓர் எண், நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து இன்னோர் எண், எத்தனை தடவை ஒரே பாட்டு, தூங்கப் போன நேரம். இவ்வளவுதான். பாட்டு ஓடும்போதே எண் போடக் கூடாது. அந்த நேரத்தில் எல்லாம் இதமாகவே தெரியும். நான்கைந்து இரவு பின் எண் முன் எண்ணைவிடக் கீழே போனாலோ, ஆட்களைத் தவிர்க்கப் பாட்டு சாக்கானாலோ, நிறுத்த நினைத்தும் முடியாமல் போனாலோ முறையை மாற்ற வேண்டும். இதே ரீதியில் 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் 2015-இல் வந்திருக்கிறது. அதுவும் என்ன பாட்டு என்று கேட்பதில்லை, கேட்டபின் எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்கிறது.

மாற்றுவது என்றால் சோகமாக இருப்பவன் காதில் துள்ளல் பாட்டைப் போடுவதல்ல. எல்லோரும் செய்யும் தவறு அது. மனசு இருக்கும் இடத்துக்கும் பாட்டுக்கும் ஒட்டாது, எரிச்சல்தான் மிஞ்சும். 1940-களிலிருந்தே இசைச் சிகிச்சையாளர்கள் சொல்லும் வழி, முதலில் மனநிலைக்கு இணையான பாட்டு, பிறகு படிப்படியாக நகர்த்துவது. ஆறு பாட்டு, ஏறக்குறைய அரை மணி. முதல் இரண்டும் இப்போது கேட்கும் அதே சோகம். அடுத்த இரண்டும் அதே பாடகர் குரலில், ஆனால் நடை கொஞ்சம் விரைவாக. கடைசி இரண்டும் காலால் தாளம் போடக்கூடியவை, எழுந்து வளவில் நடந்துகொண்டே கேட்க வேண்டும். பட்டியலைப் பகலில் போட்டுவைப்பது நல்லது, ராத்திரி விரல் பழைய பாட்டுக்கே போகும். திருப்பிப் போடும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

முகாரி, மோகனம் விஷயத்தில் பெரியவர் சொல்வதில் பாதி சரி. முகாரியைச் சோகத்தோடு கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சோகமாகவே ஒலிக்கும். உங்கள் பக்கத்து வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன்கூட ராகங்களின் பலனை ஆராய ஓர் ஆய்வு மையமே நடத்தினார். ஆனாலும் இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களுக்கு ஆதாரம் கிடையாது. மருந்துக் கடைச் சீட்டுப்போல அவற்றைக் கையில் எடுக்க வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறி வேறொன்று. பாட்டே கதியென்று இருந்தவன் எந்தப் பாட்டும் பிடிக்காமல் ஒதுக்கிவிட்டு, சாப்பாடும் தூக்கமும் கெட்டு இரண்டு வாரம் போனால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். (பிறவியிலேயே இசையில் நாட்டமில்லாதவர்கள் உண்டு. அது நோயல்ல, பார்சிலோனாவில் அவர்களை ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள்.) காதையும் பாருங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் ஒலியைப் பாதிக்குச் சற்று மேல் நிறுத்தச் சொல்லுங்கள்.

பாட்டுகளை அழிக்கச் சொல்ல வேண்டாம், ஆச்சி. பெண்ணும் பையனும் பேசச் சம்மதித்தால், ஆளுக்குப் பத்துப் பாட்டை மாற்றிக்கொள்ளட்டும். அதே 2006 ஆய்வில், புதிதாகப் பழகியவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள அதிகம் பேசிய விஷயம் இசைதான். பொறுப்பைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் அம்மான் வேலை செய்யும் இடத்தில் விசாரிக்கட்டும்.