50 வயதுக்கு மேல் பீடியை விட்டு என்ன பயன்? நிகோட்டின் சூயிங்கமும் புற்றுநோய் தராதா?

அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், குழப்பமே அங்கேதான்.

நிகோட்டின் செய்வது அடிமைப்படுத்தும் வேலை. இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் இதய நோயாளிகள் சூயிங்கத்தையும் டாக்டரைக் கேட்டுவிட்டே மெல்ல வேண்டும். ஆனால் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் புகையும் அதிலுள்ள தார், பென்சீன், நைட்ரோசமைன்கள் போன்ற நச்சுகளும். சூயிங்கத்தில் புகை இல்லை.

பீடி இலையில் சுற்றியது, அதனால் சாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். உண்மையில் அது அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். புகையிலை குறைவு, உள்ளே போகும் நஞ்சு குறைவில்லை. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, கால்விரல் கறுப்பது, ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள். கை, கால் ரத்தக் குழாய்கள் அடைபடும் பர்கர் நோயாக இருக்கலாம். விரலையே எடுக்க வேண்டி வரும். புகையை அடியோடு நிறுத்தாமல் அதற்கு வைத்தியம் பலிக்காது.

விட்டால் பயனா? பிரிட்டனில் 1951 முதல் ஆண் டாக்டர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிகரெட்டை விடாதவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஏறக்குறைய 6 ஆண்டு திரும்பக் கிடைத்தது, 60-இல் விட்டவர்களுக்கு 3. கெட்டுப்போன நுரையீரல் காற்றறைகள் மட்டும் மீளாது, ஆனால் மேலும் கெடுவது மெதுவாகும்.

முதல் வாரம் எரிந்து விழுவார், கண்டுகொள்ளாதீர்கள். தேசிய இலவச எண் 1800-11-2356-இல் ஆலோசனை கிடைக்கும்.